நாலு பேர், ஒரு வீடு, ஒரு அட்வான்ஸ்: மதுரையில் சேர்ந்து வீடு எடுப்பது

(காட்சி: கே.கே. நகரில் ஒரு தெரு. கேட்டில் 'டு-லெட்' அட்டை. அடியில் பேனாவால் 'ஃபேமிலி மட்டும்'.)

வணக்கம். மதுரையில் நண்பர்களோடு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த அட்டை நன்றாகத் தெரியும். போனில் "பேச்சிலர்ஸ்" என்று சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம், "வீட்ட விட்டாச்சு தம்பி." அட்டை மட்டும் இன்னும் ஒரு மாதம் தொங்கும். சிலர் "நீங்க என்ன ஆளுக?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அந்த வீட்டை நான் அங்கேயே விட்டுவிடுவேன்.

ஆனால் வீட்டுக்காரரைச் சமாளிப்பது பாதி வேலைதான். உள்ளே போனபின் நமக்குள்ளேயே வருகிற பணத் தகராறு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த வீடியோ.

(காட்சி: மதுரை வரைபடம், நடுவில் வைகை.)

முதலில் ஏரியா. ஒருவருக்கு வேலை இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பார்க்கில், இன்னொருவருக்கு வடபழஞ்சியில் என்றால், ஊரின் இரண்டு கோடி. நடுவில் வீடு எடுத்தால் இருவருக்குமே தூரம். இலந்தைக்குளம் போகிறவர்கள் அண்ணாநகர், கே.கே. நகர் பக்கம் பார்க்கலாம். ராஜாஜி மருத்துவமனையில் டியூட்டி என்றால் கோரிப்பாளையம், நரிமேடு. காமராசர் பல்கலைக்கழகம் என்றால் நாகமலை புதுக்கோட்டை. வேலை ஒரே திசையில் இருப்பவர்களாகச் சேருங்கள். நைட் ஷிஃப்ட் பார்ப்பவரும் காலை ஆறு மணிக்குக் குக்கர் வைப்பவரும் ஒரே அறையில் வேண்டாம்.

சேருமுன் இன்னொன்றும் கேளுங்கள்: விருந்தாளி வந்தால் எத்தனை நாள்? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க எங்கள் நண்பன் வீட்டிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். இரண்டு பெட்ரூம், ஒரு பாத்ரூம். மூன்றாம் நாள் நான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கட்டணக் குளியலறையில் குளித்தேன். அவர்கள் கொண்டுவந்த புளியோதரை நன்றாக இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

(காட்சி: காகிதத்தில் கணக்கு.)

இப்போது அட்வான்ஸ். வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000 என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர், ஆளுக்கு 15,000. ஆறாம் மாதம் ஒருவர் சென்னைக்கு மாறுகிறார். தன் 15,000-ஐக் கேட்கிறார். வீட்டுக்காரர் தரமாட்டார். அவருக்கு வீடு இன்னும் காலியாகவில்லையே! அதனால் புதிதாக வருபவர் அந்தத் தொகையைப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு வருவார். அக்ரிமெண்டில் புதியவர் பெயர் இருக்காது.

நானும் ஒரு வீட்டுக்கு அப்படிப் புதிதாகப் போனவன்தான். எட்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்தோம். பெயிண்டுக்கு என்று 10,000 பிடித்தார்கள். சுவர் கறுத்தது எனக்கு முன்னால் இருந்தவர் அடுப்பு வைத்த மூலையில். அவர் முழுத்தொகையோடு போய்விட்டார், 2,500 என் தலையில் விழுந்தது. பழைய ஆள் போகும் அன்றே வீட்டைச் சுற்றிப் பார்த்து, சேதத்துக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருந்தால் சரியாக இருந்திருக்கும். அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யவேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. 'வேறு மாதிரி' என்ற அந்த ஓட்டை வழியாகத்தான் 36,000 என்பது 60,000 ஆகிறது. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடவும் முடியாது. அதனால் ஆரம்பத்திலேயே நாலு பேர் பெயரையும் போடச் சொல்லுங்கள். ஆள் மாறினால் வீட்டுக்காரரிடம் சொல்லி, அதையும் எழுதி வாங்குங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் மற்றவர்கள் வாடகை தராத மாதமும் வீட்டுக்காரர் கூப்பிடுவது அவரைத்தான்.

(காட்சி: மின் மீட்டர்.)

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்கும் கட்டணம் ஏறிவிடும். ஒருவர் அறையில் மட்டும் ஏசி ஓடினால் மற்ற மூவருக்கும் சேர்த்துத்தான் அந்த ஏற்றம். ஏசி அறைக்கு மட்டும் யூனிட்டைத் தனியாகக் காட்டும் சப்-மீட்டர் போட ஆகும் செலவு ஒரு கோடையில் வரும் சண்டையை விடக் குறைவு. வீட்டுக்காரரே யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா, இல்லை பில்லில் வருவதையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள், எல்லா வீட்டிலும் தினமும் வருகிறது என்பார். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். போர் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்தும் பாருங்கள்.

சாவி வாங்கும் நாளில் மீட்டர் ரீடிங், சுவர், சிங்க், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் படம் எடுத்து, வீட்டுக்காரரும் இருக்கிற வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு குடிபோன வீட்டில் நான் முதலில் செய்தது அதைத்தான். அந்த வீட்டுக்காரர் ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினார், எனக்கு அது போதுமாக இருந்தது.