குலுக்கலில் விழுந்த தெரு

அனைவருக்கும் வணக்கம்.

"வாயைக் கட்டு, எடை தானாகக் குறையும்." என் அக்காவிடம் நானும் பல வருடம் இதைத்தான் சொன்னேன். அமெரிக்காவில் நடந்த ஒரு குலுக்கலைப் பற்றிப் படித்த பிறகு சொல்வதில்லை.

1994 முதல் 1998 வரை நியூயார்க், சிகாகோ, பாஸ்டன், பால்டிமோர், லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில், மிக ஏழ்மையான அரசுக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களைக் குலுக்கிப் பிரித்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய்மார்கள். ஒரு பிரிவுக்கு வாடகை உதவிச் சீட்டு. ஆனால் வறுமை 10 சதவீதத்துக்கும் குறைவான பகுதிக்குத்தான் குடிபோக வேண்டும். இன்னொரு பிரிவுக்கு நிபந்தனை இல்லாத சீட்டு. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை.

டயட் அட்டவணை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தப் பெண்கள் கேட்டதும் அதுவல்ல. ரவுடிக் கும்பலும் போதைமருந்தும் இல்லாத ஒரு தெரு.

10, 15 வருடம் கழித்து அவர்களின் உயரம், எடை, ரத்தம் எல்லாம் பரிசோதித்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. உடல் நிறை குறியீடு 35-ஐத் தாண்டியவர்கள், அதாவது 160 செ.மீ. உயரத்துக்கு 90 கிலோ அளவில் இருப்பவர்கள், சீட்டு கிடைக்காத பிரிவில் 100-க்கு 35 பேருக்கும் மேல். முதல் பிரிவில் ஏறத்தாழ 31. ரத்தச் சர்க்கரை நோய் அளவுக்கு ஏறியவர்களின் எண்ணிக்கையிலும் ஏறத்தாழ அதே வித்தியாசம். இத்தனைக்கும் அந்த முதல் பிரிவில் சீட்டு வாங்கியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் அதை வைத்து வீடு மாறினார்கள்! பருமன் தொடங்குவதாகக் கொள்ளும் குறியீடு 30 என்ற கோட்டில் மட்டும் தெளிவான வித்தியாசம் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வசதியும் அக்கறையும் உள்ளவர்கள் நல்ல ஏரியாவைத் தேடிப் போவார்கள், அதனால் அங்கே பருமன் குறைவு என்று வாதாடலாம். இங்கே யாருக்கு எந்தச் சீட்டு என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது. காய்கறிக் கடையா, பயமில்லாமல் நடப்பதா, மனநிம்மதியா, எது எவ்வளவு என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இடம் உடம்பைத் தொடுகிறது என்பது மட்டும் உறுதி.

சரி, நம் ஊர்? 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை. 2019-21-ல் 40.4. ஐந்தே வருடத்தில் இத்தனை பெண்களுக்கு மனவுறுதி குறைந்துவிட்டதா?

அக்கா வீட்டுத் தெருவில் நடைபாதை மேல் டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம் பைக்குகள், உடைந்த வடிகால் மூடி. இருட்டினால் விளக்கு எரியாது. அவர் மொட்டை மாடியில்தான் சுற்றிச் சுற்றி நடக்கிறார். வடிகால் மூடிக்கும் விளக்குக்கும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேஜை போட்டிருக்கிறது, பேனாவும் இருக்கிறது.