வில்லி நெல்சன் பாடினால் அது யார் பாட்டு?

(தலைப்பு: பிறர் பாட்டைப் பாடி ஆல்பம் போடுவது அமெரிக்க நாட்டுப்புற இசையான கன்ட்ரியின் பாடகருக்கு வளமா, வறட்சியா? ‘வளமே’ அணியில் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களுக்கும், இன்னும் கொஞ்ச நேரத்தில் கட்சி மாறப்போகிற எதிரணியினருக்கும், சபைக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி மூன்று குண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சொந்தச் சரக்கு தீர்ந்தவன்தான் அடுத்தவன் பாட்டைத் தேடிப் போவான். அது கம்பெனிக்காரன் கல்லா கட்டுகிற வேலை. அசல் இருக்கும்போது நகல் எதற்கு? நல்ல கைதட்டல். நான் மட்டும் தட்டவில்லை, நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன்.

கச்சேரியில் பாடுவதெல்லாம் யார் பாட்டு என்று கேட்டு நான் சுலபமாகத் தப்பித்துவிடலாம். மாட்டேன். தலைப்பு கன்ட்ரி, நான் டெக்சஸை விட்டு நகரப்போவதில்லை. ஒரே ஓர் ஆல்பம்: 1978இல் டெக்சஸ்காரர் வில்லி நெல்சன் வெளியிட்ட ‘ஸ்டார்டஸ்ட்’. பத்துப் பாட்டு. ஒன்றுகூட அவர் எழுதியதில்லை. கன்ட்ரி பாட்டே இல்லை ஐயா! அவருக்கு முந்தைய தலைமுறை ரேடியோவிலும் மேடையிலும் கேட்டு வளர்ந்த பாட்டுகள்.

சரக்கு தீர்ந்தவரா இவர்? 1961இல் பாட்ஸி க்ளைன் பாடிக் கொடிகட்டிய ‘கிரேஸி’ யார் எழுதியது? இவர். அதே ஆண்டு ஃபேரன் யங் பாடி, கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த ‘ஹலோ வால்ஸ்’? அதுவும் இவர். அதற்கும் முன்னால், கையில் காசில்லாத காலத்தில், ‘ஃபேமிலி பைபிள்’ என்ற தன் பாட்டை 50 டாலருக்கு விற்றார். பாட்டு ஹிட்டானது, எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டு ரேடியோவில் அதன் குரலைக் கேட்டவர் அவர். எழுதியவனுக்கும் பாடுகிறவனுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாததையா தம்பி நமக்குச் சொல்லப்போகிறார்? இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இத்தனை எழுதியவர், பாடகராக முதன்முதலில் கன்ட்ரி முதலிடத்தைத் தொட்டது 1975இல். எந்தப் பாட்டில்? ஃப்ரெட் ரோஸ் எழுதி, ராய் அகஃப் 1940களில் பாடிவைத்த பாட்டில்!

அடுத்து, கல்லா. நடுவர் அவர்களே, இந்த ஆல்பம் வேண்டாம் என்று தயங்கியதே கம்பெனிதான். கொலம்பியா நிறுவனத்துக்காரர்களுக்கு வேண்டியது தாடியும் தலைக்கட்டுமாக நிற்கிற ‘அவுட்லா’ வில்லி, அதாவது யாருக்கும் அடங்காத முரட்டுப் பாடகர். தாத்தா காலத்துப் பாட்டை வைத்துக்கொண்டு அவரை யாரிடம் விற்பது? அவர் போய் நின்றதோ மாலிபுவில் அக்கம்பக்கத்தில் குடியிருந்த புக்கர் டி. ஜோன்ஸிடம். மெம்பிஸ் நகரத்தில் சோல் என்கிற கறுப்பின மக்களின் இசையில் ஆர்கன் வாசித்துப் பேர் வாங்கியவர், கன்ட்ரிக்கும் அவருக்கும் வெகுதூரம். ‘மூன்லைட் இன் வெர்மான்ட்’ பாட்டுக்கு இசை அமைத்துத் தர முடியுமா என்று கேட்கப்போய், அது ஆல்பமாக வளர்ந்துவிட்டது. 1977 டிசம்பரில் கலிபோர்னியாவில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். கல்லா பிறகு நிறைந்தது, மறுக்கவில்லை. பத்தாண்டுகள் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் நின்றது. வேண்டாம் என்றவர்கள்தான் எண்ணி வாங்கினார்கள்.

மூன்றாவது குண்டுதான் எனக்குப் பிடித்த குண்டு. அசல், நகல். தம்பி, ‘ஸ்டார்டஸ்ட்’ பாட்டுக்கு அசல் எது? 1927இல் அதற்கு மெட்டுப் போட்ட ஹோகி கார்மைக்கேல் இண்டியானாவில் பதிவு செய்தாரே, அதுவா? அதில் வார்த்தையே கிடையாது. வெறும் வாத்தியம், துள்ளலான வேகம். மிட்செல் பாரிஷ் வரி எழுதியது அதற்கு அப்புறம். வேகம் குறைந்து உருக்கமாக மாறியது அதற்கும் அப்புறம், வேறு குழுக்களின் கையில். அசலைத்தான் கேட்பேன் என்று தம்பி அடம்பிடித்தால், அந்தப் பாட்டுக்கு அவர் நடனம்தான் ஆட முடியும். கண் கலங்க முடியாது.

வில்லி அதை எப்படி எடுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? 1969இல் கண்ணால் பார்க்காமலே வாங்கிய மார்ட்டின் கிட்டார், ‘ட்ரிகர்’ என்று பேர் வைத்தது. நைலான் தந்தி போட்டு விரலால் மீட்டுவதற்குச் செய்தது. இவர் பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லையை வைத்துக் கீறிக் கீறி, முன்பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. அந்தக் கிட்டார் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பதுபோல் ஆரம்பிக்கிறது. பிறகு குரல். தாளம் ஒரு பக்கம் நேராக நடக்கிறது; இவர் அதோடு சேர்ந்து நடப்பதில்லை. ஒரு வார்த்தையைப் பின்னால் தங்கவிடுகிறார், அடுத்த இரண்டை அவசரமாகச் சொல்லி முந்திக்கொள்கிறார். திண்ணையில் உட்கார்ந்து பழைய கதை சொல்கிற மனுஷன் எங்கே நிறுத்துவார், எங்கே ஓடுவார் என்று நமக்குத் தெரியாதல்லவா, அதே நடை. பியானோவில் யார்? அக்கா பாபி. டெக்சஸில் ஆபட் என்ற சின்ன ஊரில் தாத்தா பாட்டி வளர்த்த இரண்டு பிள்ளைகள், பருத்தி எடுத்த கைகள். அக்கா பியானோவில் பழகிய பாட்டைத் தம்பி கிட்டாரில் தொடுவான். நாற்பது வருஷம் கழித்து அதே இருவர். இதையா இரவல் என்கிறீர்கள்?

ஆஸ்டினில் இந்தப் பாட்டை மேடையில் பாடியபோது முதலில் ஓர் அமைதி, அப்புறம் ஆரவாரம் என்று அவரே எழுதியிருக்கிறார். இளவட்டங்கள் அதை அவருடைய புதுப்பாட்டு என்று நினைத்துக்கொண்டார்களாம்.

எதிரணிக்கு ஒன்று விட்டுத்தருகிறேன். ஒப்பந்தக் கணக்குத் தீர ஒப்பேற்றிய கவர் ஆல்பங்கள் உண்டு. பழைய ஹிட்டை அச்சுப் பிசகாமல் பாடி வைத்தவை. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஏன், ‘ஸ்டார்டஸ்ட்’டிலேயே ‘அன்செயின்ட் மெலடி’ எனக்குக் கொஞ்சம் இழுவைதான். என் அணித் தலைவர் முறைக்கிறார், பரவாயில்லை.

இன்னொரு கன்ட்ரி பாடகர் ஜானி கேஷை விட்டுவிட்டால் இந்த மேடைக்கு நியாயமாகாது. ‘ஹர்ட்’ பாட்டை அதை எழுதிய ராக் பாடகர் ட்ரென்ட் ரெஸ்னர் 1994இல் வெளியிட்டபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. 2002இல் அதைப் பாடிய கேஷுக்கு எழுபது. உடம்பு தளர்ந்து, குரல் உடைந்த காலம். கெட்ட வார்த்தை இருந்த இடத்தில் முள் என்று ஒரு சொல்லை மாற்றினார். கிரீடம் முள்கிரீடம் ஆகிவிட்டது. மற்றதெல்லாம் அதே வரிகள். இளைஞனின் தன்வெறுப்பாக இருந்தது, கணக்கை முடிக்கிற கிழவனின் பேச்சாகிவிட்டது. வீடியோவைப் பார்த்த ரெஸ்னர் என்ன சொன்னார்? இந்தப் பாட்டு இனி என்னுடையதில்லை என்றார். அசலுக்குச் சொந்தக்காரரே பட்டாவை எழுதிக்கொடுத்துவிட்டார். தம்பி இன்னும் தாலுகா ஆபீசில் நிற்கிறார்.

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒன்றே ஒன்று. ‘ஸ்டார்டஸ்ட்’ ஆல்பத்தில் ‘ப்ளூ ஸ்கைஸ்’ என்று ஒரு பாட்டு. இர்விங் பெர்லின் 1926இல் எழுதியது. 1978இல் வில்லி பாடி அது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. எழுதியவர் அப்போது உயிரோடு இருந்தார், வயது தொண்ணூறு. அவருக்குக் காசுக்குப் பஞ்சமில்லை, சரி. ஆனால் ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய பாட்டுக்கு, அதுவும் கன்ட்ரிக்காரர்களிடமிருந்து, ராயல்டி வந்து கதவைத் தட்டும்போது அந்த வீட்டில் யாராவது ‘வறட்சி’ என்று சொல்லியிருப்பார்களா? எதிரணியின் அடுத்த பேச்சாளர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும். வணக்கம்.