லென்ஸும் ஐரிஸும் இல்லாத கண்ணில் புது லென்ஸை எதைப் பிடித்து மாட்டுவது?

(திரையில்: கண்ணின் குறுக்குவெட்டு. லென்ஸ் மறைகிறது, பிறகு ஐரிஸும்.)

சாதாரண கண்புரை ஆபரேஷனில் டாக்டருக்கு ஒரு வசதி உண்டு. கலங்கிய லென்ஸை எடுத்தாலும், அதைச் சுற்றியிருந்த மெல்லிய பை உள்ளேயே இருக்கும். புது லென்ஸை அதற்குள் வைத்தால் உட்கார்ந்துகொள்ளும்.

கம்பி குத்தியோ பட்டாசு வெடித்தோ கண் கிழிந்தவர்களில் பலருக்கு அந்தப் பையே மிஞ்சாது. சிலருக்கு முன்னால் இருக்கும் நிறத்திரையான ஐரிஸும் போய்விடும். அப்போது லென்ஸை எதில் மாட்டுவது?

மிச்சம் இருப்பது கண்ணின் வெள்ளைச் சுவர்தான். வெகுகாலம் அதில் நூலால் தைத்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய அந்த நூல் பல வருடம் கழித்து இற்று அறுந்தால், லென்ஸ் கண்ணுக்குள் சரிந்துவிடும்.

(திரையில்: வெள்ளை விழியில் எதிரெதிரே இரண்டு சிறு மடிப்புகள்.)

2007-ல் சென்னையில் டாக்டர் அமர் அகர்வால் நூலை விட்டுவிட்டுப் பசையை எடுத்தார். வெள்ளை விழியில் எதிரெதிராக இரண்டு சிறு மடிப்புகளைக் கதவு போலத் திறப்பார்கள். லென்ஸின் இரண்டு மெல்லிய கால்களையும் அவற்றின் அடியில் உள்ள துளை வழியே வெளியே இழுத்து, சுவருக்குள்ளேயே குடைந்த சிறு சுரங்கத்தில் செருகுவார்கள். அப்புறம் ஃபைப்ரின் பசையால் கதவை ஒட்டுவார்கள். இரத்தம் உறைய உடம்பு பயன்படுத்தும் அதே புரதம் அது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் என்னவென்றால், லென்ஸைத் தாங்குவது பசை அல்ல, ஜெர்மனியில் டாக்டர் காபோர் ஷாரியோத் காட்டிய அந்தச் சுரங்கம்தான். பசை மூடி மட்டுமே.

ஜப்பானின் டாக்டர் ஷின் யமானே பசையையும் விட்டுவிட்டார். மெல்லிய ஊசியின் துளைக்குள் லென்ஸின் காலை நுழைத்து வெளியே இழுத்து, நுனியைச் சூடுகாட்டி உருக்கினார். ஆணித்தலை போல ஒரு குமிழ் உண்டாகும். அதை உள்ளே தள்ளினால் சுவருக்குள் சிக்கி நின்றுகொள்ளும். இந்த முறை 2017-ல் பரவலாகத் தெரியவந்தது.

சரி, ஐரிஸ்?

அது அழகுக்கு மட்டும் இல்லை. ஐரிஸ் இல்லாத கண்ணுக்குள் வெளிச்சம் வெள்ளமாகப் பாயும். எதிரே வரும் வண்டியின் விளக்கு, மதிய வெயில், எல்லாமே கூசும். கொஞ்சம் ஐரிஸ் மிஞ்சியிருந்தால் அதையே இழுத்துத் தைப்பார்கள், முடிந்தவரை அதுதான் நல்லது. முழுவதும் போயிருந்தால்? 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கருப்பு வளையத்தோடு ஒரு லென்ஸ் வந்தது. அது வளையாது, அகலம் 10 மில்லிமீட்டர். அதை நுழைக்க அவ்வளவு பெரிதாகக் கீற வேண்டும்.

(திரையில்: நிறம் தீட்டிய சிலிக்கோன் வட்டு.)

இப்போது மடிக்கக்கூடிய சிலிக்கோன் ஐரிஸ் இருக்கிறது. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் இதற்கு அனுமதி தந்தது. நோயாளியின் மறு கண்ணைப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து ஒருவர் கையால் நிறம் தீட்டுகிறார். 12.8 மில்லிமீட்டர் வட்டை, அந்தக் கண்ணின் அளவுக்கு டாக்டர் வட்டமாக வெட்டிக்கொள்வார். லென்ஸும் இல்லையென்றால், இரண்டையும் வெளியிலேயே சேர்த்துத் தைத்து, ஒன்றாக உள்ளே அனுப்பி, வெள்ளைச் சுவரில் பொருத்துகிறவர்களும் உண்டு.

இந்தச் செயற்கை ஐரிஸின் நடுத்துளை 3.35 மில்லிமீட்டர். நம் கண்பாவை இருட்டில் விரியும், வெயிலில் சுருங்கும். இது அசையாது. அதனால் மங்கிய வெளிச்சத்தில் இன்னொரு விளக்கு தேவைப்படலாம், விழித்திரையைச் சோதிக்கும் டாக்டரும் அந்தச் சிறு துளை வழியாகத்தான் பார்த்தாக வேண்டும்.