முற்றுகை நீள நீள

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து மேலவாசல் பக்கம் போனால், பழைய கோட்டையின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மற்ற மதிலெல்லாம் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிபட்டு, அகழி தூர்ந்து, வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளுமாக ஆகிவிட்டது. அந்த மதிலுக்கு வெளியேதான் 1763லும் 1764லும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை உள்ளே நுழைய வழி தெரியாமல் கிடந்தது. உக்ரைன் போரைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் என்னை அழைத்தார்கள். நான் வரலாறு சொல்லிக்கொடுத்துப் பழகியவன். அதனால் இந்த மதிலிலிருந்தே தொடங்குகிறேன்.

கான் சாகிப் யார் என்று இந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. மருதநாயகமாகப் பிறந்து, யூசுப் கானாகி, கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தலைவரானவர். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அந்தப் படைக்குப் போகிற தானியத்தை மடக்கி மடக்கி அடித்தவர் இவர்தான். கம்பெனி எப்படிச் சண்டை போடும், எதற்குத் திணறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. 1763இல் அவர் ஆற்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் எதிராகத் திரும்பினார். கம்பெனி பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்து அப்போது இரண்டே வருஷம் ஆகியிருந்தது. பாண்டிச்சேரியையே பிடித்தவர்களுக்கு மதுரை எம்மாத்திரம்?

நடந்தது வேறு. 1763 செப்டம்பரில் முற்றுகையிட்ட படை, ஐப்பசி மழையில் நனைந்து, நோயில் படுத்து, நவம்பரில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனது. அடுத்த வருஷம் பெரிய படையாகத் திரும்பி வந்தது. ஜூன் 26ஆம் தேதி மதிலை உடைத்து ஏறிப் பார்த்தார்கள். பெருத்த சேதம்; மேஜர் பிரஸ்டன் அந்தத் தாக்குதலில் பட்ட காயத்திலேயே இறந்தார். அதற்குப் பிறகு மதிலில் மோதுவதை விட்டுவிட்டு, ஊரைப் பட்டினி போட உட்கார்ந்தார்கள். கடைசியில் அக்டோபரில் கான் சாகிபைப் பிடித்துக் கொடுத்தது கோட்டைக்குள் இருந்தவர்கள்தான்: பிரெஞ்சு அதிகாரி மார்ஷானும் திவான் சீனிவாசராவும். 1764 அக்டோபர் 15 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். பீரங்கியால் முடியாததைப் பசியும் துரோகமும் முடித்தன.

இந்தப் பதின்மூன்று மாதங்களில் கோட்டைக்குள் இருந்தவர்களைப் போலவே கவனிக்க வேண்டியவர்கள் கோட்டைக்கு வெளியே இருந்தவர்கள். சுற்றிலும் பாளையக்காரர்கள் இருந்தார்கள். சிவகங்கை, ராமநாதபுரம் சீமைகள் இருந்தன. மைசூரில் ஹைதர் அலி இருந்தார். நாட்கள் ஓட ஓட அவர்கள் எல்லோரும் மனதுக்குள் ஒரு கணக்கைத் திருத்திக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். ஊரில் சண்டியர் என்று பெயரெடுத்தவர் தினமும் கம்பைத் தூக்குவதில்லை; அவர் வந்தால் கடைக்காரர் தானாகவே எழுந்து நிற்கிறார், அதில்தான் அவருடைய வண்டி ஓடுகிறது. ஒரு சோடாக் கடைக்காரர் அவரை அரை மணி நேரம் எதிர்த்து நின்றுவிட்டால், கடைசியில் சண்டியரே ஜெயித்தாலும் தெரு பழைய தெருவாக இருக்காது.

பேரரசுகளின் பலத்திலும் பெரும் பங்கு இப்படி மற்றவர்கள் மனதில்தான் இருக்கிறது. குறுகிய போர் அதைக் கூட்டும். நீண்ட போர் அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். வெற்றி வந்தால்கூட, செலவான அது முழுதாகத் திரும்புவதில்லை.

நம் பக்கத்திலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படிப்பதால் நாம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. 1799இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. ஆற்று நடுவே கல் கோட்டை, பீரங்கி, பெரிய சேனை எல்லாம் இருந்தும், ஏப்ரல் முதல் வாரத்தில் வந்து சேர்ந்த கம்பெனிப் படை மே 4இல் உள்ளே நுழைந்துவிட்டது. தென்னிந்தியாவில் இனி கம்பெனியை எதிர்க்க ஆளில்லை என்று எல்லோரும் நினைத்த நேரம். அப்புறம் 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சியை மண்ணைக் குழைத்து மறுபடி எழுப்பினார்கள். மார்ச் 31 அன்று கம்பெனிப் படை அந்த மண் கோட்டையில் மோதித் தோற்றுத் திரும்பியது. அதைப் பிடிக்க மே 24 வரை ஆனது. திப்புவின் கல் கோட்டைக்கு ஒரு மாதம் போதுமாயிருந்தது; கரிசல் காட்டு மண் கோட்டைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதத்தைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகும் கிளர்ச்சி அடங்காமல் சிவகங்கைச் சீமைக்குப் பரவியது. ஜூன் 16இல் சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சியில் ஒட்டப்பட்டது. தோற்ற கோட்டையைப் பார்த்துப் பயந்து ஒடுங்குவதற்குப் பதிலாக, ‘இவர்களை இவ்வளவு நாள் நிறுத்தி வைக்க முடிகிறதே’ என்று மக்கள் துணிந்தார்கள்.

இதற்குக் கம்பெனி தந்த பதிலை நான் நினைக்காத நாளில்லை. அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். பாளையங்களின் கோட்டைகளைத் தேடித்தேடி இடித்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற ஊரே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடுகடத்தினார்கள். சண்டை முடிந்த பிறகு நடந்தவை இவை. போரில் ஜெயிக்க இவை தேவைப்படவில்லை. குலைந்துபோன பயத்தைத் திரும்ப உண்டாக்கத் தேவைப்பட்டன. ஒரு பேரரசு பலவீனமாகத் தெரிய ஆரம்பிக்கும் நேரம் அதன் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு நல்ல நேரம் என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. பல சமயம் அதுதான் அவர்களுக்கு மிக மோசமான நேரம்.

சரி, உக்ரைனுக்கு வருவோம்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை எல்லையைத் தாண்டியபோது, தலைநகர் கீவ் சில நாட்களில் விழுந்துவிடும் என்று அமெரிக்க அதிகாரிகளே கணித்தார்கள். அடுத்த சில நாட்களில் உலகம் பார்த்த செயற்கைக்கோள் படங்கள் நினைவிருக்கும். கீவுக்கு வடக்கே, சாலையில் அறுபது கிலோமீட்டர் நீளத்துக்கு ராணுவ வண்டிகள். மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை நெருக்கியடித்து நிறுத்தினால்கூட அவ்வளவு தூரம்தான் வரும். அது நகரவில்லை. டீசல் பற்றவில்லை, சாப்பாடு பற்றவில்லை. சாலையை விட்டு இறங்கினால் உருகும் பனியில் சேறு. முன்னால் பாலங்களை உக்ரைன் தகர்த்திருந்தது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கீவைச் சுற்றி இருந்த ரஷ்யப் படை முழுவதும் பின்வாங்கியது. ஏப்ரல் 14இல் கருங்கடல் படையின் தலைமைக் கப்பல் மாஸ்க்வா மூழ்கியது. சொல்லிக்கொள்ளும்படி கடற்படையே இல்லாத நாடு அதை ஏவுகணையால் அடித்திருந்தது. நவம்பரில் கெர்சான் நகரையும் விட்டுப் போனார்கள். ரஷ்யா வெறும் காகிதப் புலி என்று பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பும் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. ரஷ்யர்கள் பதுங்குகுழி வெட்டினார்கள், கண்ணிவெடி புதைத்தார்கள். 2023 கோடையில் உக்ரைன் நடத்திய பெரிய எதிர்த்தாக்குதல் அந்தக் கண்ணிவெடி வயல்களில் சிக்கி நின்றது. ரஷ்யாவின் ஆயுதத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. பொருளாதாரத் தடையால் ரஷ்யா மடங்கிவிடும் என்றவர்கள் மௌனமானார்கள். மேற்கு நாடுகளின் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரே வருஷத்தில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வாக்களித்தது. கெடு முடிந்தபோது சுமார் பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. இத்தனை பணக்கார நாடுகள் சேர்ந்தும் குண்டு செய்து முடியவில்லை. நீளும் போர் ஒரு பக்கத்தை மட்டும் தோலுரிப்பதில்லை.

அப்படியானால் ரஷ்யாவின் பலம் குறைந்ததா, இல்லையா? போர்முனையில் பார்த்தால், பெரும் விலை கொடுத்தாவது அது முன்னேறிக்கொண்டிருந்தது. ஆனால் போர்முனையிலிருந்து கண்ணை எடுத்துச் சுற்றி இருக்கிற பாளையங்களைப் பாருங்கள். பல தலைமுறையாக யார் பக்கமும் சாயாமல் இருந்த பின்லாந்து 2023 ஏப்ரலில் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேர்ந்தது. அந்த ஒரு கையெழுத்தில் ரஷ்யாவுக்கு நேட்டோவுடன் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் புதிய எல்லை வந்தது. மறு வருஷம் ஸ்வீடனும் சேர்ந்தது. காகசஸில் ஆர்மீனியா பல காலமாக ரஷ்யாவின் காவலை நம்பி இருந்த சிறிய நாடு. 2023 செப்டம்பரில் அசர்பைஜான், ஆர்மீனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ கராபாக் பகுதியைப் பிடித்தபோது, அங்கே நிறுத்தப்பட்டிருந்த ரஷ்ய அமைதிப்படை தடுக்கவில்லை. ஒரு லட்சம் ஆர்மீனியர்கள் வீட்டைப் பூட்டி, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஒரே சாலை வழியாக வெளியேறினார்கள். அதற்கு முன்பே ஆர்மீனியா நம் நாட்டின் பினாகா ராக்கெட்டுகளை வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது. 2024இல் ரஷ்யா தலைமையிலான பாதுகாப்புக் கூட்டணியில் தன் பங்கேற்பை நிறுத்தி வைத்தது. அதே 2024 டிசம்பர் 8இல் சிரியாவின் அசாத் ஆட்சி கவிழ்ந்தது. 2015இல் விமானப் படையை அனுப்பி அந்த ஆட்சியைக் காப்பாற்றிய ரஷ்யா, இந்த முறை அசாத்துக்குத் தங்க இடம்தான் கொடுத்தது.

ஆக, எதிரில் நிற்பவன் கண்டது ஒரு ரஷ்யா. தூரத்தில் அதன் நிழலில் இருந்தவர்கள் கண்டது வேறு. செய்திகளில் எந்தக் கிராமம் யார் கைக்குப் போனது என்ற வரைபடத்தையே தினமும் காட்டுகிறார்கள். யார் யாரிடம் ஆயுதம் வாங்கப் போனார்கள், எந்த அதிபர் எந்த ஊர் விமான நிலையத்தில் இறங்கினார் என்ற சின்னச் செய்தியைத்தான் நான் முதலில் தேடுவேன்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். பிம்பம் குலைந்ததும் பேரரசு ஒழிந்தது என்று எழுதிவிடக் கூடாது. 1968 ஜனவரி கடைசியில் அமெரிக்கா போரிட்டுக்கொண்டிருந்த தெற்கு வியட்நாமின் பெரும்பாலான நகரங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தாக்குதல் நடந்தது. சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே கம்யூனிஸ்ட் போராளிகள் புகுந்தார்கள். களத்தில் அந்தத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஆனாலும் போர் முடியப்போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க மக்கள் அதற்குப் பிறகு அதை நம்பவில்லை. 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில் இறந்தார்கள். 1975 ஏப்ரல் 30இல் சைகோன் விழுந்தபோது, அமெரிக்காவின் காலம் முடிந்தது என்று பேசியவர்கள் நிறைய. பதினாறே வருஷத்தில் கலைந்துபோனது சோவியத் ஒன்றியம். அதுவும் 1979 டிசம்பர் முதல் 1989 பிப்ரவரி வரை ஆப்கானிஸ்தானில் சிக்கி, சுமார் 15,000 வீரர்களை இழந்துவிட்டுத் திரும்பிய நாடு. ஏறக்குறைய ஒரே மாதிரிப் போர்கள்தான். ஒரு நாடு தாங்கியது, ஒரு நாடு தாங்கவில்லை. உள்ளே சோற்றுக்கும் நியாயத்துக்கும் என்ன நிலைமை என்பதைப் பொறுத்தது அது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது கடைசியில்தான் தெரிகிறது. நம் கான் சாகிப் விஷயத்திலும் அப்படித்தான்: மதுரையில் திணறிய கம்பெனியைப் பார்த்து அது தேய்கிறது என்று யாராவது நினைத்திருந்தால், அடுத்த நூறு வருஷம் அவர்களைப் பொய்யாக்கியது.

இந்தப் போர் நமக்கு எங்கோ நடக்கிற சண்டை இல்லை. நம் நாட்டுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும்தான் வந்துகொண்டிருந்தது; 2022இல் கீழமாசி வீதிக்கு மளிகை வாங்கப் போனவர்களுக்கு எண்ணெய் விலை எப்படி ஏறியது என்று நான் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்கள் கார்கிவில் நிலவறைகளில் ஒளிந்திருந்து, பல நாடுகளைச் சுற்றி வீடு வந்தார்கள். 2018இல் ரஷ்யாவுடன் ஒப்பந்தம் போட்ட எஸ்-400 ஏவுகணைத் தொகுதிகள் ஐந்தில் மீதி வர வேண்டியவை போரால் தாமதமாயின. ஆயுதத்துக்கு ஒரே வீட்டை நம்பியிருக்கலாமா என்ற கேள்வி டெல்லியில் அப்போது உரக்க எழுந்தது.

உதவியாளர் வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி ரஷ்யா போன இந்திய இளைஞர்கள் சிலர் ராணுவத்தில் சேர்க்கப்பட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சிலர் அங்கேயே இறந்ததை நம் வெளியுறவு அமைச்சகமே உறுதி செய்திருக்கிறது. தன் சொந்த ஊர்ப் பையன்கள் போதாமல் ஒரு வல்லரசு வெளிநாட்டு ஏழைப் பையன்களைத் தேடுகிறது என்றால், அதன் நிலையைப் புரிந்துகொள்ள வேறு புள்ளிவிவரம் எனக்கு வேண்டியதில்லை. இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளையை அனுப்ப யாராவது யோசித்தால், ஒப்பந்தத்தை அவனுக்குப் புரியும் மொழியில் வாங்கிப் படித்துப் பாருங்கள். ஏஜென்டுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

நன்றி, வணக்கம்.