புதுக் காரின் இன்ஜினைப் பழக்கும் முதல் 2000 கிலோமீட்டர்

வணக்கம் நண்பர்களே. வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறேன். மீட்டரைக் காட்டுகிறேன், பாருங்கள்: 640 கிலோமீட்டர். இந்தக் காரை எடுத்து வந்த நாளிலிருந்து ரெட்லைன் வரை, அதாவது இன்ஜின் சுழலக்கூடிய உச்ச வேகம் வரை, எப்போது ஓட்டிக் காட்டுவீர்கள் என்று பலர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 2000 கிலோமீட்டர் முடிந்து முதல் ஆயில் மாற்றமும் ஆன பிறகுதான் அது நடக்கும். அதுவரை நான் காரை மெதுவாக உருட்டிக்கொண்டிருக்கப் போகிறேன் என்று சிலர் நினைத்துவிட்டதால், உண்மையில் என்ன செய்கிறேன் என்பதை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இன்ஜினுக்குள் போவோம். சிலிண்டரின் உட்சுவர் நம் கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெரிந்தாலும், தொழிற்சாலையில் ஹோனிங் என்ற வேலையின்போது அதில் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கோடுகளை வேண்டுமென்றே கீறி வைக்கிறார்கள். அந்தக் கோடுகளின் பள்ளங்களில் ஆயில் தங்குகிறது. மேடுகளோ, சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான புது பிஸ்டன் ரிங்கின் விளிம்போடு உரசித் தேய்கின்றன. அந்தத் தேய்மானத்தில் ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வடிவத்தைப் பெறுகின்றன. இன்ஜின் 4000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 4000 சுற்றுகளில், ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்கு 8000 முறை ஒரு கணம் நின்று திசை திரும்புகிறது. அப்படி நிற்கும் இடங்களில், குறிப்பாக உச்சியில், ஆயில் படலம் மிகவும் மெலிந்துபோவதால் உலோகத்தை உலோகம் தொடும் வாய்ப்பு அங்கேதான் அதிகம்.

இனிச் சொல்லப்போவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த ஸ்பிரிங் விசை மட்டும் அல்ல. எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயு, ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் புகுந்து, பின்னாலிருந்து அதை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தம் குறைவு. ரிங் மேடுகளைச் சீராகத் தேய்ப்பதற்குப் பதிலாக அவற்றின் மேல் வழுக்கிச் செல்லும். சுவரில் நிற்கும் ஆயில் வெப்பத்தில் வார்னிஷ் போலப் படிந்து கோடுகளை அடைத்துவிட்டால், அதன் பிறகு ரிங் சரியாகப் பொருந்துவது கடினம். எரிந்த வாயு கீழே கசியும், ஆயில் மேலே ஏறி எரியும்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். முந்தைய காரை வாங்கிய வாரமே ஒரு நீண்ட பயணம் போனேன். புது வண்டியாயிற்றே என்ற அக்கறையில், வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டு, மேல் கியரில், ஒரே வேகத்தில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் ஓட்டினேன். அந்தக் கார் கடைசிவரை ஆயில் குடித்துக்கொண்டே இருந்தது. காரணம் அந்த ஒரு பயணம்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது என்றாலும், இந்த முறை அதே தவற்றைச் செய்யக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

ஆகவே இப்போது என் முறை இதுதான். ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு, போக்குவரத்து இல்லாத சாலையில், மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 2500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரைப் பாதிக்குச் சற்று மேலே அழுத்தி 4000 வரை ஏற்றுகிறேன். பிறகு காலை எடுத்துவிட்டு, கியரை மாற்றாமல், இன்ஜினின் தடையாலேயே வேகம் குறைய விடுகிறேன். ஏறும்போது பிஸ்டனின் ஒரு பக்கமும் கியர் பற்களின் ஒரு முகமும் சுமை தாங்குகின்றன; இறங்கும்போது மறுபக்கத்துக்கு முறை வருகிறது. பத்துப் பன்னிரண்டு முறை இப்படிச் செய்த பிறகு சிறிது நேரம் சாதாரணமாக ஓட்டி வெப்பத்தைத் தணிய விடுகிறேன். என் காரின் கையேடு 4500 வரை அனுமதிக்கிறது. அந்த எல்லையை நான் ஒருமுறைகூடத் தாண்டவில்லை. உங்கள் காருக்கு அதன் கையேடு சொல்லும் எண்ணே சரியான எண். பிஎம்டபிள்யூவின் எம் வரிசைக் கார்கள் பலவற்றில் முதல் 2000 கிலோமீட்டருக்கு 5500 ஆர்பிஎம், 170 கிலோமீட்டர் வேகம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். எட்டாம் தலைமுறை கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரிலோ முதல் 500 மைலுக்கு, அதாவது சுமார் 800 கிலோமீட்டருக்கு, ஆர்பிஎம்மைக் காட்டும் டாக்கோமீட்டரின் சிவப்புக் கோடே கீழே இறங்கி நிற்கும்.

குறைந்த ஆர்பிஎம்மில், உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்து இன்ஜினைத் திணற வைப்பதை மென்மையான ஓட்டம் என்று தவறாக எண்ணாதீர்கள். டர்போவும் நேரடி எரிபொருள் செலுத்தலும் உள்ள இன்றைய இன்ஜின்களில், பிளக் பொறி விடும் முன்பே கலவை தானாகத் தீப்பற்றும் ஆபத்து துல்லியமாக அந்த நிலையில்தான் இருக்கிறது. பிஸ்டனையே உடைக்கக்கூடிய ஆபத்து அது. ஒரு கியர் இறக்குங்கள்.

இன்றைய இன்ஜின்களுக்கு இதெல்லாம் தேவையா என்ற வாதமும் உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. நிசான் ஜிடி-ஆர் காரின் சிலிண்டர் சுவரில் பிளாஸ்மா மூலம் தெளித்த மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. இப்படிப்பட்ட சுவர்கள் பழைய வார்ப்பிரும்புச் சுவர் அளவுக்குத் தேய்ந்து கொடுக்க வேண்டியதில்லை. முழு சிந்தெடிக் ஆயில், அதாவது செயற்கையாகத் தயாரித்த ஆயில், போட்டால் ரிங் பொருந்தாது என்ற பழைய அச்சமும் இன்று பொருளற்றது. கார்வெட் 1992 முதலே தொழிற்சாலையிலிருந்து சிந்தெடிக் ஆயிலோடுதான் வெளிவருகிறது. ஆனால் பழக வேண்டியது சிலிண்டர் மட்டும் அல்ல. இன்ஜினின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் பற்கள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டே சுழல்பவை; புதிதாக இருக்கும்போது அவை அதிகமாகச் சூடேறும், நுண்துகள்களை உதிர்க்கும். எம் கார்களின் 2000 கிலோமீட்டர் சர்வீஸில் இன்ஜின் ஆயிலோடு டிஃபரென்ஷியல் ஆயிலையும் மாற்றுவது இதனால்தான். டயரின் மேற்பரப்பு சொரசொரப்பாவதற்குச் சுமார் 300 கிலோமீட்டரும், பிரேக் பேடும் டிஸ்க்கும் பொருந்துவதற்குச் சுமார் 500 கிலோமீட்டரும் ஆகும். அதற்கு முன் பிடிப்பையும் பிரேக்கையும் முழுதாக நம்ப வேண்டாம்.

கடைசியாக வெப்பம். என்னைப் பொறுத்தவரை ஆர்பிஎம் எல்லையைவிடவும் முக்கியமானது இதுதான். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்ப முள் நடுவுக்கு வந்ததும் இன்ஜின் தயாராகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தக் காரில் கூலன்ட் 90 டிகிரியைத் தொடும்போது ஆயில் இன்னும் 60 டிகிரியைக்கூட எட்டியிருக்காது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதோடு, குளிர்ந்த இன்ஜின் கூடுதலாக வாங்கும் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலையும் கழுவிவிடுகிறது. நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஐடிலில் விட்டுச் சூடேற்றுவதும் இதே காரணத்தால் நல்லதல்ல. கிளப்பிய சிறிது நேரத்தில் புறப்பட்டு, மென்மையாக ஓட்டியே சூடேற்ற வேண்டும்.

2000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வாங்கி வந்து, உங்கள் முன்னால் வெட்டி, மடிப்புகளில் எவ்வளவு உலோகத் தூள் சிக்கியிருக்கிறது என்று காட்டுகிறேன். பளபளக்கும் மிக நுண்ணிய தூள் இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். விரலில் குத்தும் அளவுக்குத் துணுக்குகள் இருந்தால் அன்றே சர்வீஸ் சென்டருக்குத் திரும்பிப் போவேன்.

இப்போது கிளப்புகிறேன். இவ்வளவு நேரம் பேசியதில் ஆயில் 38 டிகிரிக்கு இறங்கிவிட்டது. அதனால் அடுத்த பத்து நிமிடத்துக்கு ஆர்பிஎம் முள்ளை 2500க்கு மேலே போக விடமாட்டேன்.