மெட்டைத் தொலைத்துவிட்டுப் பாட்டை வைத்து என்ன செய்வது?

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வாசகர் வட்டத்தின் மூத்த புரவலர் ஐயா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் உபயம் செய்திருக்கும் அரிசி ஆலை அண்ணன் அவர்களே, கொளுத்தும் வெயிலில் மாணவிகளை அழைத்து வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, பெயர் விட்டுப்போனால் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளும் மற்றப் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். இன்று இரண்டும் கொடுத்துவிட்டீர்கள். நன்றி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இன்றைய பேச்சு அந்தச் சுரைக்காயைப் பற்றித்தான். ஆனால் அது காய்த்த இடம் இத்தாலி.

மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். காதல் பாட்டு பக்திப் பாட்டாக மாறியது எப்படி? சாமியார்கள் அதைச் சகித்துக்கொண்டது ஏன்? இதில் பெண்களின் பங்கு என்ன?

13ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கோவிலுக்குள் வழிபாடு லத்தீனில் நடந்தது. கடைக்காரருக்கும் தச்சருக்கும் அது புரியாது. அவர்கள் சங்கம் சேர்ந்து, தங்கள் பேச்சுமொழியிலேயே மாதாவையும் இயேசுவையும் பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு லவுதா என்று பெயர். புளோரன்ஸ் நகரத்தில் ஓர்சான்மிக்கேலே என்ற இடத்தில் 1291இல் அப்படி ஒரு சங்கம் தொடங்கியது. அது என்ன இடம் தெரியுமா? தானிய மண்டி! மண்டியில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் சாயங்காலம் கூடிப் பாடுவார்கள். அரிசி ஆலை அண்ணன் சிரிக்கிறார். தானிய வியாபாரத்துக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு நேற்றையது இல்லை அண்ணே.

நாளாக ஆகப் பாட்டு நிறைய வேண்டியிருந்தது. அத்தனைக்கும் புது மெட்டுக்கு எங்கே போவது? ஊரே முணுமுணுக்கும் காதல் பாட்டை எடுத்தார்கள். பல்லவி அப்படியே, அடிக்கு இத்தனை அசை என்ற கணக்கும் அப்படியே, சொல் மட்டும் வேறு. ஏட்டில் பாட்டின் தலையில் 'கான்தாசி கோமே' என்று போட்டு, காதல் பாட்டின் முதல் அடியை எழுதிவிடுவார்கள். இன்ன பாட்டைப் போலப் பாடுக என்று பொருள். பிரான்செஸ்கோ லாந்தினி என்று ஒரு மேதை, சிறுவயதிலேயே பார்வை இழந்தவர், சான் லொரென்சோ கோவிலில் ஆர்கன் வாசித்தவர், 1397இல் காலமானார். அவர் 'இந்தப் பெண்ணை, காதலே' என்று தொடங்கும் ஒரு பாட்டுக்கு இசையமைத்தார். அதே இசையில் பிறகு 'படைக்கப்பட்டாய், கன்னி மரியே' என்று பாடினார்கள். காதலிக்கு இழைத்த இசை மாதாவுக்கு உறுத்தவில்லை.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை.

புளோரன்சை ஆட்டிவைத்த லொரென்சோ தெ மெதிச்சி பெரிய பணக்காரர், பெரிய கவிஞர். கார்னிவல் என்ற களியாட்டத் திருவிழாவுக்கு, இளமை எவ்வளவு அழகு, ஓடிக்கொண்டே இருக்கிறதே, நாளை என்பது நிச்சயமில்லை, இன்றே அனுபவி என்று ஒரு பாட்டு எழுதினார். சந்தோஷம். அப்புறம் அவரே அதே அச்சில், கன்னி மரியே உன் அழகு எவ்வளவு பெரிது என்று ஒரு லவுதாவும் எழுதினார்! அவருடைய அம்மா லுக்ரேசியாவும் லேசுப்பட்டவர் இல்லை. மே மாதத்தை வரவேற்கும் காதல் பாட்டு மெட்டில், இதோ வல்லமை மிக்க அரசர், கதவைத் திறங்கள் என்று கிறிஸ்துவைப் பாடினார்.

லொரென்சோ 1492இல் இறந்தார். ஊர் சவனரோலா என்ற துறவியின் பேச்சுக்குக் கட்டுப்பட்டது. அந்த ஊர்ப் பையன்கள் திருவிழா வந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? நீளக் கழியைத் தெருவுக்குக் குறுக்கே நீட்டி, காசு கொடுத்தால்தான் வழி என்பார்கள். வசூலான காசில் கொண்டாட்டம், கடைசியில் கல்லெறிச் சண்டை. சிரிக்காதீர்கள், நன்கொடை ரசீதோடு வழிமறிக்கிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். 1496இல் சவனரோலா அதே பையன்களை ஆயிரக்கணக்கில் ஊர்வலமாக அனுப்பினார். அதே தெரு, அதே வசூல். ஆனால் காசு ஏழைகளுக்கு, வாயில் லவுதா. அடுத்த வருடம் முகமூடி, பகடை, கண்ணாடி, வாத்தியம், காதல் கவிதைப் புத்தகம் எல்லாவற்றையும் நகரச் சதுக்கத்தில் குவித்துத் தீ வைத்தார்கள். 1498 மே 23 அன்று அதே சதுக்கத்தில் சவனரோலாவையே தூக்கிலிட்டு எரித்தார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். திருவிழாப் பாட்டை ஒழிக்கப் பாடுபட்ட அந்தக் கூட்டமே திருவிழா மெட்டில்தான் லவுதா பாடியது. ஆளையும் புத்தகத்தையும் எரிக்க முடிந்தது, மெட்டை முடியவில்லை. இரண்டாவது கேள்விக்கு இதற்கு மேல் என்ன பதில் சொல்வது?

சரி, நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். மெட்டு எல்லோருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏடுகளில் முதல் அடியை மட்டும் எழுதி வைத்தார்கள். பாடியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், மெட்டும் கூடவே போனது. இன்று எத்தனையோ லவுதாவுக்குச் சொல் இருக்கிறது, பாட வழி இல்லை. ஏட்டுச் சுரைக்காய்! சில காதல் பாட்டுகளுக்கோ அந்தத் தலைக்குறிப்பில் உள்ள ஒற்றை அடிதான் மிச்சம்.

தப்பியவை யாரால் தப்பின? சவனரோலா தலைவராக இருந்த அதே சான் மார்கோ மடத்தைச் சேர்ந்த செராஃபீனோ ராட்சி என்ற துறவி, 1563இல் வெனிசில் ஒரு லவுதாப் புத்தகத்தை இசைக்குறிகளோடு அச்சிட்டார். பழைய திருவிழா மெட்டுகள் சில அதனால்தான் நமக்குக் கிடைக்கின்றன. அதற்கும் மிக முந்தைய, 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி ஒன்று கொர்த்தோனா என்ற சிற்றூர் நூலகத்தில் 1876இல் கண்டெடுக்கப்பட்டது. 40க்கும் மேற்பட்ட பாட்டுகள், மெட்டுக் குறிகளோடு. நூலகத்தில் ஐயா, நூலகத்தில்! அலுவலர் குறித்துக்கொள்கிறார், மகிழ்ச்சி.

நம் பக்கத்திலும் திருவிழாக் கடையில் விற்ற பாட்டுப் புத்தகங்களில், இன்ன பாட்டு மெட்டு என்றுதான் போட்டிருக்கும். பஜனைப் பாட்டு, மாதா பாட்டு, கட்சிப் பாட்டு எல்லாவற்றுக்கும் அதே வழக்கம். அவை இப்போது பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன. நம் நூலகத்தில் அவற்றுக்கு ஓர் அலமாரி வேண்டும், மெட்டுத் தெரிந்த பெரியவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்ய ஒரு கருவி வேண்டும். நான் இதைத்தான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்க வேறு வழி தெரியவில்லை.

தலைவர் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார். பெண்களைப் பற்றிய மூன்றாவது கேள்வியை முதல்வர் அம்மா என்னைக் கல்லூரிக்கு அழைத்தால் அங்கே பேசுகிறேன். அலமாரியும் கருவியும் கேட்கும் மனு அரிசி ஆலை அண்ணன் பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது, உங்கள் வீட்டில் என்ன பாட்டுப் புத்தகம் இருக்கிறது, அதைப் பாடத் தெரிந்தவர் யார் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.