ஆர்மி-நேவி ஆட்டம் முடிந்ததும் டிவியை அணைக்காதீர்கள்

வணக்கம் மக்களே! அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிறவர்களில் பாதிப் பேர், ஸ்கோர் உறுதியானதுமே எழுந்து போய்விடுகிறார்கள். மற்ற ஆட்டங்கள் எப்படியோ போகட்டும், ஆர்மி-நேவி ஆட்டத்தில் மட்டும் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது.

வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியும் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியும் முதலில் மோதியது 1890-இல். நேவி 24-0 என்று ஜெயித்தது. அன்று பிடித்த போட்டி இன்றுவரை தணியவில்லை.

ஆனால் ஆட்டம் முடிந்த கையோடு, இரண்டு அணிகளும் சேர்ந்து தோற்ற கல்லூரி மாணவர்கள் இருக்கும் பக்கம் போகின்றன. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் நிற்கிறார்கள். அந்தக் கல்லூரியின் பேண்ட் வாசிக்க, தோற்றவர்கள் தங்கள் கல்லூரிப் பாட்டைப் பாடுகிறார்கள். ஜெயித்தவர்கள் அது முடியும்வரை மரியாதையாக உடன் நிற்க வேண்டும். கொண்டாட்டமெல்லாம் பிறகுதான். அப்புறம் எல்லோருமாக மைதானத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் போனால், ஜெயித்தவர்களின் பாட்டு. இந்த ஆட்டத்தில் வெற்றிக்கு வீரர்கள் வைத்திருக்கும் பேரே 'சிங் செகண்ட்', அதாவது இரண்டாவதாகப் பாடுவதுதான்.

நேவியின் 'ஆங்கர்ஸ் அவே' என்ற உற்சாகப் பாட்டு மாதிரியான துள்ளல் பாட்டு இல்லை இந்தக் கல்லூரிப் பாட்டு, நிதானமான பாட்டு. ஆர்மி பாட்டின் வரிகளை எழுதியவர் அங்கேயே படித்து 1911-இல் பட்டம் பெற்ற பால் ரைனெக்கி.

2017 ஆட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஒரே பனி. ஆர்மிக்கு வெள்ளைச் சீருடை வேறு, பனியோடு பனியாகத் தெரிகிறார்கள். ஆர்மி 14-13 என்று முன்னிலை. கடைசி நொடிகளில் ஜெயிப்பதற்காக நேவி 48 யார்டு தூரத்திலிருந்து உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு இடப்பக்கமாக விலகிப் போய்விட்டது. அந்தச் சோகம் முகத்திலிருந்து போவதற்குள் நேவி பையன்கள் தங்கள் மாணவர்கள் முன்னால் நின்று பாட வேண்டும். உதட்டசைவை மட்டும் பாருங்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஆர்மி மட்டும் லேசாகவா பட்டது? 2002 முதல் 2015 வரை தொடர்ந்து 14 வருஷம் தோல்வி. படிப்போ நான்கு வருஷம். அப்படியென்றால், சேர்ந்த நாளிலிருந்து பட்டம் வாங்கும்வரை ஒருமுறைகூட இரண்டாவதாகப் பாடாமலே ராணுவத்துக்குப் போன வகுப்புகள் எத்தனை! 2016-இல் 21-17 என்று ஜெயித்தபோது அவர்கள் பாடிய சத்தத்தைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

சரி, ஆட்டம் வழக்கமாக டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை. அங்கே பிற்பகல் 3 மணி என்றால் இந்தியாவில் ஞாயிறு அதிகாலை ஒன்றரை. தூக்கம் முக்கியம் என்பவர்கள் மறுநாள் பாருங்கள். ஆனால் ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் பெரும்பாலும் பாட்டை வெட்டிவிடுவார்கள். முழு ஒளிபரப்பைத் தேடி, கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஓட்டாமல் பாருங்கள்.